பெதஸ்தா குளத்தருகே "ஒருவருமில்லை" என்று சொன்னவர் சாக்குதான் சொன்னாரா? (யோவான் 5)

வேப்பமரத்தடி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) வியாழன்தோறும் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம், முக்கால்வாசி பெண்கள். அடுத்த வாரம் எங்கள் வீட்டு முறை. வேதபாகத்தை நான் எடுத்துப் பேச வேண்டும். கொடுத்திருப்பது யோவான் 5-ஆம் அதிகாரம், 1 முதல் 18 வரை.

ஞாயிறு பள்ளியில் படம் வரைந்து வண்ணம் தீட்டிய கதைதான். ஐந்து மண்டபம், நடுவில் குளம், பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போகிற ஒருவர். 38 வருஷமாக வியாதியாயிருந்த அவரை இயேசு சுகமாக்குகிறார். குளத்துத் தண்ணீர் கலங்கியதும் முதலில் இறங்குகிறவருக்குச் சுகம் கிடைக்கும் என்று அங்கே நம்பிக்கை. ஆனால் இரண்டு வாரமாக அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன், 7-ஆம் வசனத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. தண்ணீர் கலங்கும்போது தன்னைக் குளத்தில் கொண்டுபோய் விட ஒருவருமில்லை, தான் போவதற்குள் வேறொருவன் முந்தி இறங்கிவிடுகிறான் என்று அவர் இயேசுவிடம் சொல்கிற இடம் அது.

போன லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு காலத்தில்) வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் இதே பகுதியைப் பேசினார். "சொஸ்தமாக வேண்டுமென்று விரும்புகிறாயா என்று ஆண்டவர் கேட்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தையில் முடிக்க வேண்டியதுதானே? இவன் என்ன சொல்கிறான்? எனக்கு ஆள் இல்லை, வேறொருத்தன் முந்திவிட்டான். 38 வருஷமாக இதே சாக்கு!" என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். அவர் நல்ல மனிதர், நாங்களெல்லாம் விசுவாசத்தில் சோம்பலாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் சொன்னார். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். என் அப்பா பனையேறி. ஒரு நாளைக்கு முப்பது மரம் ஏறி இறங்கிய கால் அவருக்கு. 2014-இல் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. முதல் 23 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அண்ணன் வெளிநாட்டில். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். கூட இருந்தது நான் ஒருத்திதான்.

வார்டில் படுத்தவர்களுக்கும் கூட இருந்தவர்களுக்கும் தெரியும், அங்கே நோயாளியின் பேரைவிட முதலில் கேட்பது "கூட ஆள் யாரு?" என்றுதான். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக ஆள், சீட்டு வாங்க ஆள், ரத்தம் கொண்டுபோய்க் கொடுக்க ஆள், புரட்டிப் படுக்க வைக்க ஆள். நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு தாத்தா. எழுபது வயது இருக்கும். அவருக்கும் பக்கவாதம்தான், ஆனால் பேச்சு இருந்தது. தலைமாட்டில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் ஒரு வேட்டி, ஒரு டம்ளர். பார்க்க யாரும் வரவில்லை.

உடற்பயிற்சி அறை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். பிடித்துக்கொண்டு நடக்க அங்கே ஒரே ஒரு கம்பி வரிசைதான். முதலில் போனவர்களுக்கு அரை மணி நேரம் கிடைக்கும், பின்னால் போனவர்களுக்குப் பத்து நிமிஷம் கிடைத்தால் பெரிது. வார்டில் சக்கர நாற்காலி இரண்டே இரண்டு. நான் எட்டரைக்கே ஒன்றைப் பிடித்து அப்பாவை உட்கார வைத்துக் கதவு பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். ஒருநாள் தாத்தா கேட்டார்: "தாயி, நாளைக்கு என்னையும் கொஞ்சம் கொண்டுபோய் விடுறியா?" "பார்க்கிறேன் தாத்தா" என்றேன்.

மறுநாளும் அப்பாவைத்தான் கொண்டுபோனேன். அதற்கு மறுநாளும். பிறகு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாத்தாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"நான் போகிறதற்குள்ளே வேறொருவன்" என்று அந்த வசனத்தில் வருகிறதே, அந்த வேறொருவனைத் தள்ளிக்கொண்டு போனவள் நான். இப்படி ஒரு வார்டில் இருந்தவள், ஆள் இல்லை என்று ஒருவர் சொன்னதைச் சாக்கு என்று எப்படி எடுத்துப் பேசுவேன்?

அப்புறம் இன்னொன்று. அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்த தம்பி நாலாவது மாதத்தில் ஒருநாள், "ஐயா, நடக்கணும்னு ஆசை இருக்கா?" என்று கேட்டார். அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணீர் காதுக்குள் ஓடியது. ஆண்டவர் ஏன் அப்படிக் கேட்டார்? 38 வருஷம் படுத்திருப்பவரிடம் கேட்கிற கேள்வியா அது?

4-ஆம் வசனத்தைப் பற்றியும் ஒரு குழப்பம். தேவதூதன் இறங்கித் தண்ணீரைக் கலக்குவான் என்ற அந்த வசனம் பழைய பிரதிகளில் இல்லை என்று மகளின் வேதாகமத்தில் அடிக்குறிப்பு இருக்கிறது. கூட்டத்துக்கு வருகிற பாட்டிமாரிடம் இதைச் சொல்லலாமா, வேண்டாமா? படித்தவர்கள், அனுபவப்பட்டவர்கள் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

---

உபதேசியார் மகன்:

அம்மா, வயது 71, ஓய்வுபெற்ற ஆசிரியன். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் எனக்கு ஓரளவு பதில் தெரியும், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அடிக்குறிப்பு சரிதான். யோவான் சுவிசேஷத்தின் மிகப் பழைய கைப்பிரதிகளில் இரண்டு, நாணல் தாளில் எழுதியவை, பாப்பிரஸ் 66, பாப்பிரஸ் 75 என்று எண்ணிட்டவை. ஏறக்குறைய கி.பி. 200-ஐ ஒட்டியவை என்பார்கள். இரண்டிலும் 4-ஆம் வசனம் இல்லை. நான்காம் நூற்றாண்டின் சீனாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் இல்லை. பிந்திய பிரதிகளில் இருக்கிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்தப் பிந்திய பிரதிகளின் வழியில் வந்தது, அதனால் நமக்கு இருக்கிறது. அதே சமயம், கி.பி. 200 வாக்கிலேயே வட ஆப்பிரிக்காவில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் இந்தத் தூதனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆக, நேற்று முளைத்த கதையும் அல்ல. 7-ஆம் வசனத்தில் தண்ணீர் கலங்குவதைப் பற்றி அந்த மனிதர் பேசுகிறார் அல்லவா? படிப்பவர்களுக்கு அது என்னவென்று புரியவேண்டும் என்பதற்காக ஓரத்தில் எழுதி வைத்த விளக்கம், நகலெடுக்க நகலெடுக்க உள்ளே வந்துவிட்டது என்பது பலருடைய கருத்து. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பாட்டிமாரிடம் சொல்லலாம், பயப்படாதீர்கள். என் தகப்பனார் கிராமத்தில் உபதேசியாராக இருந்தவர். இந்த இடம் வரும்போது வசனத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, "அங்கே படுத்துக்கிடந்த ஜனங்கள் இப்படி நம்பிக்கொண்டிருந்தார்கள்" என்று ஒரு வரி சேர்ப்பார். அவருக்குப் பாப்பிரஸ் எதுவும் தெரியாது. தேவன் முதலில் ஓடி வருகிறவனுக்கு மட்டும் சுகம் கொடுப்பாரா என்று ஒரு கிழவி அவரைக் கேட்டதிலிருந்து அப்படிச் சொல்ல ஆரம்பித்தார். அந்தக் கிழவியின் கேள்வியை நான் அறுபது வருஷமாக மறக்கவில்லை. மிகவும் முடியாதவனுக்குக் கடைசி இடம், கொஞ்சம் முடிந்தவனுக்கு முதல் இடம் என்று ஒரு வைத்தியம் இருந்தால், அது எந்த மாதிரி இரக்கம்? பெதஸ்தா என்றால் இரக்கத்தின் வீடு என்று பொருள் சொல்வார்கள், அதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

2011-இல் ஒரு யாத்திரைக் குழுவோடு அந்தக் குளத்தைப் பார்த்தேன். எருசலேம் பழைய நகரத்துக்குள், பரிசுத்த அன்னாள் ஆலயத்தை ஒட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் ஐந்து மண்டபம் என்பதே கற்பனை, மோசேயின் ஐந்து புத்தகங்களுக்கு அடையாளமாக எழுதியது என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. தோண்டிப் பார்த்தபோது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெரிய குளங்களும், நடுவே ஆறு மீட்டர் போல அகலமான அணைச் சுவரும் கிடைத்தன. நாலு பக்கமும் நாலு மண்டபம், நடுச் சுவரின் மேல் ஒன்று. கணக்கு சரியாக வந்துவிட்டது.

எனக்கு மண்டபம் பெரிதாகத் தெரியவில்லை, ஆழம்தான் தெரிந்தது. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பத்து மீட்டருக்கு மேல் ஆழம். படிகள் இருந்திருக்கின்றன, ஆனால் படி நடக்கத் தெரிந்தவனுக்குத்தானே. கால் வராத ஒருவர் கைப்பிடிக்கு ஆள் இல்லாமல் அதில் இறங்கினால் நேரே சாவுக்குள் இறங்குகிறார் என்று அர்த்தம். அங்கே நின்று பார்த்த எவருக்கும் 7-ஆம் வசனம் சாக்காகத் தோன்றாது.

---

கடலோரத்துக்காரர்:

அக்கா, நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் கோவிலில் வாசிப்பது 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. அதில் இந்த இடம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இயேசு "நலம்பெற விரும்புகிறீரா?" என்று கேட்கிறார். அவர் "ஐயா" என்று தொடங்கி, குளத்தில் இறக்கிவிட "ஆள் இல்லை" என்கிறார். உங்கள் வார்டில் கேட்ட அதே வார்த்தை.

நான் சின்ன வயதில் பள்ளியில் உங்கள் மொழிபெயர்ப்பையும் கேட்டிருக்கிறேன். "விரும்புகிறாயா" என்று வரும்போது யாரோ அதட்டிக் கேட்பது போல எனக்குப் பட்டது. "விரும்புகிறீரா" என்றால் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து கேட்பது போல இருக்கிறது. கிரேக்கத்தில் இந்த நீ, நீர் வித்தியாசம் கிடையாது, ஒருமை மட்டும்தான் என்று எங்கள் பங்குத்தந்தை சொன்னார். ஆகவே அதட்டலும் மரியாதையும் நம் தமிழில் நாம் போட்டதுதான். கேள்வி கடுமையாகத் தெரிவதில் பாதி அதனால் என்று நினைக்கிறேன்.

மூலத்தில் அவர் சொல்வதை வார்த்தைக்கு வார்த்தை எடுத்தால் "எனக்கு ஒரு மனுஷன் இல்லை" என்று வருமாம். எங்கள் கரையில் வள்ளத்தைத் தள்ளி ஏற்ற எட்டுக் கை வேண்டும். ஆள் இல்லை என்றால் அன்றைக்குக் கடல் இல்லை, அவ்வளவுதான். அதை யாரும் சாக்கு என்று சொல்ல மாட்டார்கள்.

---

வைகை வடகரை:

அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் பிரசங்கியார் பக்கம் கொஞ்சம் நிற்கிறேன். உங்கள் அனுபவத்தைப் படித்து மனம் கனத்தது, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் வசனத்தை வசனமாகப் பார்த்தால் அந்த மனிதர் மேல் மரியாதை வருகிறதா? சுகமாக்கியவர் யார் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை, கேட்டு வைத்துக்கொள்ளவும் இல்லை. சுமை தூக்கக் கூடாத ஓய்வுநாளில் படுக்கையை ஏன் சுமக்கிறாய் என்று யூதர்கள் கேட்டதும், சுகமாக்கினவர்தான் சொன்னார் என்று பழியை அவர் மேல் தள்ளுகிறார். தேவாலயத்தில் ஆண்டவர் அவரைத் தேடிக் கண்டு பேசிய பிறகு நேரே போய் அது இயேசு என்று சொல்லிவிடுகிறார். அதிலிருந்துதான் அவர்கள் ஆண்டவரைத் துன்பப்படுத்த ஆரம்பிக்கிறார்கள். 9-ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடன் எப்படி எதிர்த்து நிற்கிறான்! நான் குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன் என்று அடித்துச் சொல்லி, ஜெப ஆலயத்துக்கு வெளியே தள்ளப்படவும் தயாராக இருக்கிறான். இரண்டு பேரையும் யோவான் வேண்டுமென்றே எதிரெதிராக வைத்திருக்கிறார் என்று எங்கள் வேதபாட வகுப்பில் படித்தோம்.

---

மூன்று சக்கரம்:

வைகைத் தம்பிக்கும் வேப்பமரத்தடிச் சகோதரிக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம். இரண்டு காலும் சூம்பிவிட்டன. 3-ஆம் வசனத்தில் "சூம்பின உறுப்புடையவர்கள்" என்று வருகிறதே, சின்ன வயதில் அந்த வார்த்தை வந்தால் வகுப்பே திரும்பி என்னைப் பார்க்கும். இப்போது 52 வயது. மூன்று சக்கர ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வருகிறேன்.

அம்மா என்னை மூன்று சுகமளிக்கும் கூட்டங்களுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மூன்றாவது தடவை எனக்குப் பன்னிரண்டு வயது, கனம். மேடைக்குப் பக்கத்தில் போவதற்குள் வேர்த்து விறுவிறுத்துவிட்டாள். மேடையில் இருந்தவர் எழுந்து நட என்று மூன்று முறை சொன்னார். நான் நடக்கவில்லை. "பையனுக்கு விசுவாசம் வர வேண்டும்" என்று மைக்கில் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, என் காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அதனால் இந்த அதிகாரத்தை நான் ஒரு வக்கீல் போலப் படித்தவன். தம்பி, நன்றாகப் பாருங்கள். அந்த மனிதருக்கு விசுவாசம் இருந்தது என்று எங்காவது இருக்கிறதா? இல்லை. ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. தன் முன்னால் நிற்பது யார் என்றே தெரியாது. இருந்தும் சுகமானார். விசுவாசம் போதாது என்று என்னிடம் சொன்ன அத்தனை பேருக்கும் எதிராக என் கையில் இருக்கிற சாட்சி அவர். நீங்கள் சொல்வது போல அவர் மந்தமானவராகவே இருக்கட்டும். அப்படியானால் ஆண்டவர் மந்தமானவர்களிடமும் போய் நிற்கிறார் என்பதுதானே எனக்கு நல்ல செய்தி?

காட்டிக்கொடுத்தார் என்கிறீர்களே, 12-ஐயும் 15-ஐயும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். அவர்கள் கேட்டது, படுக்கையை எடுத்துக்கொண்டு நட என்று சொன்னவன் யார் என்று. அவர் போய்ச் சொன்னது, தன்னைச் சொஸ்தமாக்கினவர் இயேசு என்று. கேள்வி குற்றத்தைப் பற்றி, பதில் சுகத்தைப் பற்றி. 38 வருஷமாக யாரும் தன்னிடம் எதையும் விசாரிக்காத ஒரு மனிதர், விசாரித்தவர்களிடம் சந்தோஷமாய்ப் போய்ச் சொல்லியிருக்கவும் கூடும்.

14-ஆம் வசனம் எனக்கு இன்றைக்கும் முள்தான். இனிப் பாவஞ்செய்யாதே என்று ஆண்டவர் சொல்கிறார். அதை வைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணையிலேயே வந்து, என்ன பாவமோ என்று கேட்டவர்கள் உண்டு. பிறவிக் குருடனைப் பற்றி, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று 9:3-இல் அதே ஆண்டவர்தான் சொல்கிறார். இரண்டையும் நான் ஒன்றாகவே கையில் வைத்திருக்கிறேன். ஒன்றை விட்டு ஒன்றை எடுத்துப் பேசாதீர்கள் சகோதரி, உங்கள் கூட்டத்தில் என்னைப் போல ஒருவர் உட்கார்ந்திருக்கலாம்.

அந்தக் கேள்வியைப் பற்றி: என்னிடம் கேட்காமல் என்னைத் தூக்கியவர்கள் எத்தனையோ பேர். ரோட்டைக் கடக்க நினைக்காதபோதும் கடக்க வைத்தவர்கள் உண்டு, அன்பாகத்தான் செய்தார்கள். விரும்புகிறாயா என்று முதலில் கேட்டவர்கள் குறைவு. உங்கள் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பியதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் கேட்டது நல்லதுதான் என்று சொல்வேன். ஆசை இல்லாமல் போயிருந்தால் கண்ணீர் வந்திருக்காது.

---

ராத்திரி டூட்டி:

22 வருஷமாக வார்டில் வேலை. தங்கச்சி, அந்த 23 நாளில் நீ தூங்கியது எத்தனை மணி நேரம்? உன் அப்பாவைப் பார்க்க உன் ஒருத்தியால்தான் முடிந்தது. ஒருவர் இரண்டு பேரைத் தூக்க முடியாத இடத்தில் அந்தப் பாரத்தை ஒருத்தி மேல் மட்டும் போட்டுக்கொள்ளாதே.

ஆனால் மறந்துவிடு என்றும் சொல்லமாட்டேன். எனக்கும் இப்படிச் சில கட்டில்கள் இருக்கின்றன. எண் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

---

உபதேசியார் மகன்:

மூன்று சக்கரத் தம்பி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். 12, 15 வசனங்களை இத்தனை காலம் நான் அப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. நன்றி.

படுக்கையைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். யூத ரபீக்களின் வாய்வழிச் சட்டங்களைத் தொகுத்தது மிஷ்னா, கி.பி. 200 வாக்கில் உருவானது. இயேசுவின் காலத்துக்குப் பிந்தியதுதான், ஆனாலும் அந்த மரபு எப்படி யோசித்தது என்று அதிலிருந்து தெரியும். ஓய்வுநாளில் செய்யக் கூடாத 39 வேலைகளை அது பட்டியலிடுகிறது, ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குச் சுமந்து செல்வது கடைசி. இன்னொரு இடத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: உயிருள்ள ஒரு மனிதனைக் கட்டிலோடு சுமந்து சென்றால் கட்டிலுக்காகவும் குற்றமில்லை. கட்டில் அவனுக்கு அடுத்தபடிதான் என்று காரணம் சொல்கிறது.

இந்த மனிதரை யாராவது ஓய்வுநாளில் படுக்கையோடு தூக்கிக்கொண்டு போயிருந்தால், அந்த விதியின்படி குற்றமே இல்லை. தூக்கத்தான் யாரும் இல்லை. வெறும் படுக்கையைத் தானே எடுத்துக்கொண்டு நடந்தபோதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டார்.

38 என்ற எண்ணையும் சொல்லிவிடுகிறேன். உபாகமம் 2:14-ஐப் பாருங்கள், காதேஸ்பர்னேயாவிலிருந்து சேரேத் ஆற்றைக் கடக்கும்வரை இஸ்ரவேலர் அலைந்தது 38 வருஷம். பழைய காலத்து ஆயர் அகுஸ்தீன் வேறு மாதிரி ஒரு கணக்குப் போட்டு, நாற்பதுக்கு இரண்டு குறைவு, அந்த இரண்டு தேவ அன்பும் அயலான் அன்பும் என்று பிரசங்கித்தார். எண் கணக்கில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை. ஆனால் அதே பிரசங்கத்தில் படுக்கையைப் பற்றி அவர் சொன்னது மனதில் நின்றுவிட்டது: நீ பலவீனனாக இருந்தபோது உன் அயலான் உன்னைச் சுமந்தான், இப்போது சுகமானாய், உன் அயலானை நீ சும.

---

வைகை வடகரை:

அண்ணன், 12-ஐயும் 15-ஐயும் பார்த்தேன். நீங்கள் சொன்னது போலவே இருக்கிறது. குருடனோடு ஒப்பிடுவது தப்பு என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சாக்கு என்ற வார்த்தையை நான் இனிப் பயன்படுத்த மாட்டேன்.

---

வேப்பமரத்தடி:

எல்லோருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கூட்டம் நேற்று முடிந்தது. எப்படிப் போனது என்று எழுதாமல் விட்டால் சரியாக இருக்காது.

முதலில் மாற்கு 2-ஐ வாசித்தேன். கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து, நடக்க முடியாத ஒரு திமிர்வாதக்காரரை இறக்குகிறார்களே, அது. அவருக்கு நாலு பேர் இருந்தார்கள். பிறகு யோவான் 5. இவருக்கு ஒருவரும் இல்லை. இரண்டு பேரிடமும் ஆண்டவர் சொல்வது ஏறக்குறைய ஒரே வார்த்தை, எழுந்து உன் படுக்கையை எடு. நாலு பேர் சுமந்து வந்தவருக்கும் ஆள் இல்லாதவருக்கும் ஒரே வார்த்தைதான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

4-ஆம் வசனத்துக்கு உபதேசியார் ஐயா சொன்ன ஒரு வரியைத்தான் சொன்னேன். ஒரு பாட்டி, "அதானே, முந்துறவனுக்கு மட்டுந்தான்னா என்ன நியாயம்?" என்றார். அறுபது வருஷத்துக்கு முந்தைய கிழவி எங்கள் வீட்டுக்கே வந்தது போல இருந்தது.

அந்தத் தாத்தாவைப் பற்றியும் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று திட்டம் போடவில்லை. 14-ஆம் வசனத்தை எடுத்தபோது, என் பாவம் எது என்று எனக்குத் தெரியும் என்று தொடங்கி, மஞ்சப்பை வரைக்கும் சொல்லிவிட்டேன். யாரும் ஆறுதல் சொல்லவில்லை, அது எனக்கு நல்லதாகவே இருந்தது. ஒரு அக்கா மட்டும் தன் மாமியாரைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

அப்புறம் விளக்கம் எல்லாம் முடித்து, ஜெபக் குறிப்புகள் எழுதுகிற நேரம். எங்கள் கூட்டத்தில் 76 வயதுப் பாட்டி ஒருவர் உண்டு, ஒரு வியாழனும் தவற மாட்டார். அவர் கண்ணுக்காக நாலு மாதமாக ஜெபித்துக்கொண்டிருக்கிறோம், குறிப்பேட்டில் வாராவாரம் அவர் பெயர் இருக்கிறது. நேற்று குறிப்பேடு எழுதுகிற பெண் வழக்கம்போல, "பாட்டி, கண்ணுதானே?" என்றாள். பாட்டி இடுப்பிலிருந்து மடித்து மடித்துக் கந்தலாகிப் போன ஒரு சீட்டை எடுத்தார். கண் டாக்டர் மறுபடி வரச் சொல்லி எழுதிக் கொடுத்தது. தேதி போய் மூன்று மாதம் ஆகிறது.

"இதுக்குப் போகணும். கூட்டிட்டுப் போக ஆளில்லம்மா" என்றார்.

அவருடைய மகன் திருப்பூரில் இருக்கிறார். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேன், "பாட்டி, நான் கூட வரட்டுமா?" என்று. அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. உனக்கு எதுக்கும்மா வீண் அலைச்சல், வீட்டில் வேலை இருக்குமே, பஸ்ஸுக்கு வேறு செலவு என்று என்னென்னவோ சொன்னார். ஆமாம் என்ற ஒரு வார்த்தை கடைசிவரை வரவில்லை. சீட்டை மட்டும் என் கையில் கொடுத்தார்.

வரும் செவ்வாய்க்கிழமை ஆறே முக்கால் பஸ்ஸில் போகிறோம். ராத்திரி டூட்டி அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பாட்டிக்குச் சர்க்கரை இருக்கிறது. காலை மாத்திரையைப் போட்டுவிட்டுக் கிளம்பலாமா, வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?

---

ராத்திரி டூட்டி:

கண் பார்க்கத்தானே போகிறீர்கள், வெறும் வயிறு வேண்டாம். வழக்கமான நேரத்தில் மாத்திரையைப் போட்டுச் சாப்பிட வைத்தே கூட்டிப் போ. அங்கே காத்திருக்க நேரமாகும், கையில் நாலு இட்லி கட்டிக்கொள். பழைய சீட்டு, இப்போது போடுகிற மாத்திரை அட்டை, கடைசியாகச் சர்க்கரை பார்த்த தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் பாட்டிக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், வெயில் கூசும். பஸ் படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் கையை விட்டுவிடாதே.